பெரியவர் போயிட்டாரு

படத்தில் எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கிழவரைத் தவிர.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அவனுக்கு இது உறைக்கவில்லை. ஊமைப் படத்தில் நடிப்பு என்பது தெருக்கோடியில் நிற்பவனுக்கும் புரியும்படி செய்யவேண்டிய வேலை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிக் கடித்துத் துப்பவேண்டும். ஆச்சரியம் வந்தால் புருவம் நெற்றியைத் தாண்டி முடிக்குள் போய் ஒளிந்துகொள்ளவேண்டும். இந்தப் படத்திலும் முகமெல்லாம் வெள்ளைப் பவுடர் அப்பிய எழுத்தரும், வயிற்றில் தலையணை கட்டிய முதலாளியும், ஓயாமல் மயங்கி விழும் எழுத்தரின் மனைவியும் அப்படித்தான் துள்ளினார்கள். நடுவில், ஒரு மர நாற்காலியில், பவுடர் பூசாத முகத்தோடு அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தார். 'சரி போதும், விளையாட்டை நிறுத்துங்க' என்று யாராவது சொல்லக் காத்திருப்பவர் போல இருந்தார். அவர் பார்வை கேமராவின் மேல் இல்லை. அதற்குச் சற்றுத் தள்ளி நின்ற யாரோ ஒருவர் மேல் இருந்தது.

"என்ன வசனம், சிரிக்கவே மாட்டேங்கறே? நீ சிரிக்காம ஒரு காமெடி ஓடுதுன்னா அந்தப் படத்துக்கே அவமானம்பா" என்றார் பின்னாலிருந்து ஆபரேட்டர். சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, மன்னிச்சுக்கப்பா. வீட்ல அப்படியொரு துக்கம் நடந்திருக்கு, நான் வேற கூறுகெட்டத்தனமா…"

"பரவால்லண்ணே" என்றான் அவன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான். அப்படித் தாழ்த்திக்கொண்டதற்காகத் தன்னையே ஓங்கி அறையலாம் போலிருந்தது.

காப்பகத்தில் அவனுக்கு வசனம் என்று பெயர். பேசாத படங்களுக்கு நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை எழுதுவது அவன் வேலை. பழைய படங்களில் முதலில் தொலைவது அட்டைகள்தான். அப்போது யாராவது ஒருவன் நடிகர்களின் உதட்டை உற்றுப் பார்த்து, அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடித்து எழுதவேண்டும். வருஷக்கணக்கில் இதைச் செய்ததில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டுகிறவர்களின் திட்டு கூட அவனுக்கு எழுத்துப் பிசகாமல் புரிந்துவிடும். ஊமைகளுக்கு ஊமையாக இருக்கும் உரிமைகூட இல்லாமல் செய்பவன் என்று தன்னைப் பற்றி அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

மூடிப்போன ஒரு தியேட்டரின் மாடிப்படிக்குக் கீழே கிடைத்த படம் இது. உலகத்திலேயே இந்த ஒரு பிரதிதான். பெட்டியைத் திறந்ததிலிருந்து அந்த இருட்டறை முழுக்கப் பழைய ஃபிலிம் கெட்டுப்போகும் காடி வாடை. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் வெளியே நடுப்பகல் வெயில் காய்வதே தெரியவில்லை. பெரியவர் நாள் எப்படிப் பிறந்தது என்பதுதான் கதை. பெரியவர் நாளுக்கு ஊருக்கே விடுமுறை. யார் அந்தப் பெரியவர், அவர் என்ன செய்தார், யாருக்கும் தெரியாது. கேட்டுவைத்து, காரணமே இல்லை என்று தெரிந்து, விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதும் இல்லை.

படம் கேட்டிருந்தது. முதலாளி யாருக்கும் லீவு தராதவர். எழுத்தருக்கோ தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. முதலாளி முன்னால் போய் நின்று, வீட்டில் இருக்கும் பெரியவரைப் பற்றி ஏதோ சொல்கிறான். முதலாளி பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றுகிறார், லீவு தருகிறார். எழுத்தர் வீட்டுக்கு ஓடிப்போய் தூங்குகிறான். மாமனார் பக்கத்திலேயே நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திருக்கிறார். விஷயம் பரவுகிறது. மறுநாள் எல்லா எழுத்தரும் வரிசையில் நின்று அதையே சொல்கிறார்கள். அலுவலகம் காலி. திட்டுவதற்கு ஆள் இல்லாத முதலாளி, போங்கடா என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாளை விட்டுக்கொடுக்கிறார். அவ்வளவுதான் பெரியவர் நாள்.

அவன் படத்தை மறுபடி முன்னால் கொண்டுபோனான். எழுத்தரின் உதடு ஒட்டியது, குவிந்தது, விரிந்தது. குழப்பமே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் வாயும் இதே வடிவத்தில்தான் இருந்தது.

'போயிட்டாரு.'

அன்று காலை மாமாவை, மனைவியின் அப்பாவை, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. அவன் சட்டையைத் தேடி எடுப்பதற்குள் மாமா பொறுமையிழந்து தனியாகவே கிளம்பிவிட்டார். அவன் படியிறங்கி ஓடிக்கொண்டே மேலாளருக்குப் போன் போட்டான்.

"மேடம், மாமா போயிட்டாரு…"

அடுத்த வார்த்தை 'ஆஸ்பத்திரிக்கு'. அது நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது.

"ஐயையோ! எப்ப?"

"காலைல." அது உண்மை.

"திடீர்னா?"

"திடீர்னுதான் மேடம்." அதுவும் உண்மை.

"நீங்க ஆபீஸ் பக்கமே வராதீங்க. ஒரு வாரம் எடுத்துக்கோங்க. வீட்ல எல்லாரையும் பாத்துக்கோங்க."

அங்கே ஒரு மூச்சுவிடும் இடைவெளி இருந்தது. 'இல்ல மேடம்' என்று சொல்ல அது தாராளமாகப் போதும். அவன் வாயையும் திறந்தான். மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமையைக் கண்ணால் பார்க்காதவனின் வாய் அது. "தேங்க்ஸ் மேடம்" என்றது.

அந்த ஒரு வாரமும் தூங்கினான், சாப்பிட்டான், இறந்துபோன மனிதரோடு சீட்டாடினான், ஒவ்வொரு ஆட்டமும் தோற்றான். "என்ன மாப்ளே, ஆபீஸ்ல உங்களைத் தேடவே இல்லையா? நீங்க இல்லாமலே வேலை நடக்குதுன்னு கண்டுபிடிச்சுடப் போறாங்க, உஷாரு" என்று மாமா உருண்டு உருண்டு சிரித்தார். திரும்பி வந்த அன்று காப்பகத்தில் ஒவ்வொருவராக எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். கணக்குப் பிரிவு அக்கா, போன வருஷம் இறந்த தன் அப்பாவை நினைத்து அவன் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். சட்டைத் தோளில் அந்த ஈரம் சாயங்காலம் வரை காயாத மாதிரியே இருந்தது.

மேலாளர் உள்ளே வந்து அவனுக்குப் பின்னால் நின்றார். மெதுவாகப் பேசும் மனுஷி. அவன் திரும்பி வந்ததிலிருந்து இன்னும் மெதுவாகப் பேசினார்.

"இந்த இடத்துல என்ன சொல்றான்?"

"போயிட்டாருன்னு மேடம்."

"பேச்சுக்கு அது சரி. அட்டையில 'போய்விட்டார்'னு போட்டா எங்கேன்னு கேப்பாங்க. 'இறந்துவிட்டார்'னு தெளிவா போட்டுடலாமே?" பிறகு அவன் நாற்காலி முதுகில் கை வைத்தார். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, இந்த ஒரு அட்டையை நான் எழுதறேன்."

"இல்ல மேடம். நானே எழுதறேன்."

எழுதினான். 'பெரியவர் இறந்துவிட்டார்.' எல்லா எழுத்தையும் போலத்தான் அந்த முற்றுப்புள்ளியும் விழுந்தது. ஆனால் அது விழுந்த பிறகு அறையில் ஏதோ ஒன்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்ன என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

* * *

மாமா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. சாயங்காலம் அவன் படியேறும்போது, அவர் மேல்மாடியில் செய்தித்தாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது தெருவாசலிலேயே கேட்கும். காலையில் அவர் தொண்டையைச் செருமினால் அதுதான் அந்தக் கட்டடத்துக்கே அலாரம். இந்த மனிதரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது ஊமைப் படமாக எடுத்துவிட்டால் என்ன என்று அவன் மனைவியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

அன்று அவன் கடைசிப் படிவரை ஏறியும் எதுவும் கேட்கவில்லை.

"அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்றாள் மனைவி. "மத்தியானத்துலேருந்து ஒரு வார்த்தை வரல."

"நான் எந்தச் சாமியையும் வேண்டிக்கலையே."

அவள் சிரித்துக்கொண்டே அவன் கையில் கிள்ளினாள். மாமா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவனைப் பார்த்ததும் கையைத் தூக்கி வாயைத் திறந்தார். 'வாங்க மாப்ளே.'

தொண்டை கட்டியவனிடம் குரல் வராவிட்டாலும் காற்றாவது வரும். கரகரவென்று ஏதாவது உரசும். அவன் குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுபோனான். மாமாவின் வாயிலிருந்து வெந்நீரின் சூடு அவன் கன்னத்தில் பட்டது. சத்தம் வரவில்லை. மாமா எழுந்து, செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். அந்தச் செருப்பு தேயும் சத்தத்துக்காக அவன் எத்தனையோ மத்தியானங்கள் பல்லைக் கடித்திருக்கிறான். இப்போது அது தரையில் தேய்ந்தது, தேய்வது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் மனைவி உப்பு போட்ட வெந்நீர் கொடுத்தாள், தொண்டையில் துணி சுற்றினாள். பிறகு வெந்நீர் மட்டும். பிறகு அதையும் மறந்தாள். ஒரு சாயங்காலம் மேசையில் இரண்டு தட்டு வைத்தாள்.

"மாமாவுக்கு?"

"எந்த மாமா?" என்றாள், அடுத்து வரப்போகும் ஜோக்குக்காகப் பாதி சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு.

"உங்கப்பாடி. அங்க உக்காந்திருக்காரு பாரு."

அவள் சிரித்துவிட்டாள். அவன் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது ஜோக்குதான். இத்தனை வருஷமாக அவன்தான் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறான். பிறகு சிரிப்பு மெதுவாக அடங்கியதும், கையிலிருந்த சொம்பை மேசையில் வைத்தாள். "அப்பாதான் போயிட்டாரே" என்றாள்.

எங்கே என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மாமாவுக்கு அவனே பரிமாறினான். மாமா டம்ளரைத் தட்டிவிட்டார். வேண்டுமென்றே தட்டினார், மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. சத்தமில்லாமல் அது உருண்டது. தண்ணீர் ஓடி அவள் மடியில் சொட்டியது. அவள் நிமிராமல் துணியை எடுத்துத் துடைத்தாள், யாரோ ஜன்னலைத் திறந்து வைத்ததால் சாரல் அடித்துவிட்டது என்பதுபோல. மாமா அவன் பக்கம் திரும்பினார். தோளைக் குலுக்கி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். அதற்கும் ஒரு கோமாளி முகம் காட்டினார். அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

அவன் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் இருட்டறையில் படத்தின் பிற்பகுதி ஓடியது. துக்கம் விசாரிக்க ஊரே எழுத்தர் வீட்டுக்கு வருகிறது. எழுத்தர் மாமனாரை அலமாரிக்குள் அடைக்கிறான், கட்டிலுக்கடியில் தள்ளுகிறான், தலையில் போர்வையைப் போட்டுத் துணி மாட்டும் கம்பம் போல நிற்கவைக்கிறான். கிழவர் மேசையைத் தட்டுகிறார். யாரும் திரும்புவதில்லை. இரண்டு கையாலும் தட்டுகிறார். பக்கத்தில் நிற்பவர் கொட்டாவி விடுகிறார். ஆபரேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல நகைச்சுவைதான். ஒரு மாதத்துக்கு முன்னால் அவனும் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

கிழவரின் உதட்டைப் பார்த்தான். அந்த இடத்துக்கு யாரும் அட்டை கேட்கவில்லை. காமெடியில் கிழவர் என்ன சொன்னால் என்ன? உதடு ஒட்டித் திறந்தது. உடனே இன்னொரு முறை ஒட்டியது. ம. ப். பின்னுக்கு ஓட்டிப் பார்த்தான். படத்தில் அவர் வாய் திறக்கும் இடமெல்லாம் அதே ஒட்டல். அலமாரிக்குள் போகும்போதும் அதே. போர்வை இறங்கும்போதும் அதே. படம் முழுக்க அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்.

'மாப்ளே.'

திரை வெள்ளையானது. "அவ்ளோதான். வால் போச்சு" என்றார் ஆபரேட்டர். கடைசிச் சுருள் பாகுபோல் உருகி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. "முடிவு கிடையாது. இப்படியாக அனைவருக்கும் விடுமுறை கிடைத்ததுன்னு நீயே ஒரு அட்டையைப் போட்டு முடிச்சுடு, வசனம்."

அவன் எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனான்.  

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றார் அவர். "மனசு உறுத்திட்டே இருக்கு. நாங்க யாருமே உங்க வீட்டுக்கு வந்து விசாரிக்கல. நாளைக்குப் பெரியவர் நாள், எல்லாருக்கும் லீவு. வந்துட்டுப் போறோம்."

"வேணாம் மேடம். மேடம்… மாமா வீட்லதான் இருக்காரு."

அவர் கண் கலங்கியது. மேசையைச் சுற்றி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இருப்பாரு. எங்கயும் போகமாட்டாரு. எங்கப்பா விஷயத்துலயும் எனக்கு ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு."

இங்கேயும் ஒரு மூச்சு இடைவெளி. 'அந்த அர்த்தத்துல இல்ல மேடம். சாகல. பொய் சொன்னேன்.' இவ்வளவுதான் வசனம். ஒரே அட்டையில் அடங்கிவிடும். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு வழி தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

அட்டையையாவது மாற்றலாம். உட்கார்ந்தான். 'இறந்துவிட்டார்' என்பதை அழித்துவிட்டு, 'பெரியவர் வெளியே போயிருக்கிறார்' என்று எழுதினான். படத்தில் பொருத்தி ஓட்டினான். எழுத்தர் முதலாளி முன்னால் வந்து நின்றான். வாய் திறந்தான்.

அவன் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினான்.

ப என்று சொல்ல உதடு ஒட்டவேண்டும். ஒட்டவில்லை. போன வாரம் ஒட்டியது, அவனே பார்த்தான், அவனே சொன்னான். இப்போது எழுத்தரின் பற்கள் தெரிந்தன. நாக்கு நுனி அவற்றின் பின்னால் இரண்டு முறை போய்த் தட்டியது.

'செத்துட்டாரு.'

அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது எழுத்தருக்குப் பொருட்டாகவே தெரியவில்லை.

* * *

பெரியவர் நாள். கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. வண்டிகள் ஓடவில்லை. வெயில் தெருவின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தது. எங்கோ ஒரு குழாய் மூடியும் மூடாமலும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மாமா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவன்தான் சொல்லியிருந்தான். மாமாவுக்கு விருந்தாளி என்றால் போதும். முகம் கழுவிவிட்ட குழந்தை மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் முடிவு செய்துவிட்டான். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று, 'மேடம், துக்கத்தை ஆள்கிட்டயே நேர்ல விசாரிச்சுக்கோங்க' என்று மாமாவைக் காட்டவேண்டும். முதலில் அதிர்ச்சி, பிறகு திட்டு, பிறகு வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. வேலை போனால் போகட்டும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தான். நல்ல வசனம். அவன் எழுதியதிலேயே நல்ல வசனம்.

வந்தார்கள். மேலாளர், கணக்குப் பிரிவு அக்கா, ஒரு கூடைப் பழத்தோடு ஆபரேட்டர், இன்னும் சிலர். விடுமுறைக்கான நல்ல உடையில் இருந்தார்கள். "அப்பாவுக்காக வந்தீங்களா? உள்ள வாங்க, வாங்க" என்று மனைவி மலர்ந்த முகத்தோடு வரவேற்றாள். கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாமா கைகுவித்தார். ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டார். பேருந்துக் கதை ஒன்றை ஆரம்பித்தார். பயணச்சீட்டுக் கிழிப்பதைக் கைகளால் நடித்துக் காட்டினார். எல்லோரும் அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "தங்கமான மனுஷனாமே" என்று பேசிக்கொண்டார்கள்.

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

அவன் எழுந்து நின்றான்.

அப்போது மேலாளரின் பார்வை ஜன்னலிலிருந்து இறங்கியது. நாற்காலியில் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நிஜமாகவே பார்த்தார்.

"இவரு யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா பார்த்தார். ஆபரேட்டர் பார்த்தார். அவன் மனைவியும் துணுக்குற்று, தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் போல, அந்த நாற்காலியைப் பார்த்தாள். அவள் உதடு 'அ' என்று திறந்து நின்றது. இன்னும் ஒரு எழுத்து யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும்.

ஒரு வார்த்தை. மாமா. அவ்வளவுதான். இரண்டு தரம் உதடு ஒட்டவேண்டும்.

மாமா அவனைப் பார்த்தார். அறிமுகப்படுத்தப்படக் காத்திருக்கும் மனிதரின் கூச்சமான சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தான். அந்த ஈரம் தோளில் இன்னும் இருந்தது. மேலாளரின் கைக்குட்டையைப் பார்த்தான். பழக்கூடையைப் பார்த்தான். இவ்வளவு நல்லவர்கள். இவ்வளவு பேர். ஒரே நேரத்தில்.

"யாரு மேடம்?" என்றான். "அங்க யாரும் இல்லையே."

அவன் கேட்ட கடைசிச் சத்தம் அது.

மேலாளர் இன்னொரு முறை பார்த்தார், மரியாதைக்காக. பிறகு அவர் முகம் தெளிந்தது. மனைவியின் உதடு மூடிக்கொண்டது. ஆபரேட்டர் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார், வழியில் கிடக்கும் சாமானை நகர்த்திவைக்கும் ஆளின் உற்சாகத்தோடு. அவர் உதடு அசைந்தது. 'தூக்கிடலாமா?'

எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பற்கள் தெரிந்தன. தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை.

நாற்காலியின் மூன்று காலை மூன்று பேர் பிடித்தார்கள். நாலாவது காலை அவனுக்கு விட்டுவைத்தார்கள். மருமகன்.

அவன் குனிந்தான். பிடித்தான்.

தோளில் ஏற்றியபோது கனமாக இருந்தது. வெறும் நாற்காலி இவ்வளவு கனக்காது. மாமாவின் கை அவன் தலையைப் பிடித்துக்கொண்டது, விழாமலிருக்க. சூடான கை. கதவு. நடை. படிகள். மாமாவின் வாய் திறந்து மூடித் திறந்தது. மகளைப் பார்த்து. ஆபரேட்டரைப் பார்த்து. மேலாளரைப் பார்த்து. முகத்தில் கோமாளித்தனம் போயிருந்தது. மனைவி முன்னால் ஓடித் தெருக்கதவைத் திறந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே.

தெரு.

எதிர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வெளியே வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒன்று. தெரு நெடுக, எல்லா வாசலிலும், நல்ல உடை உடுத்திய மருமகன்களும் மகன்களும் மகள்களும் தோளில் நாற்காலியோடு வெயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு. வாய் பிளந்து. அந்த வாய்களை எல்லாம் அவனால் படிக்க முடிந்தது. படிக்காமல் இருக்க முடியவில்லை.

அவன் தலை குனிந்தான். அவன் தலையிலிருந்த கை, மெதுவாக, இரண்டு தட்டுத் தட்டியது. நிமிர்ந்தான். மேலே மாமா அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது கத்தவில்லை. உதடுகள் நிதானமாக, அவனுக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தாக அசைந்தன.

'தோள் வலிக்கப் போகுது மாப்ளே. கை மாத்திக்கோங்க.'

அவன் கை மாற்றிக்கொண்டான்.